இடது ஓரம்

இரண்டு கடிதமும் ஃப்ரிட்ஜுக்கு மேலே,
ரேஷன் கார்டுக்குக் கீழே.
வெள்ளிக்குள் ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும்.
மற்றதற்குக் கையெழுத்து போதும்.

எலஹங்கா தாண்டி இருக்கிற கல்லூரியில்
புல் உண்டு. நிஜப் புல்.
குனிந்து பிடுங்கிப் பார்த்தேன்,
வேரோடு வந்துவிட்டது.
வெட்கமாகித் திரும்ப நட்டேன்.
ஃபீஸ் இல்லை. விடுதியில் தினம் இரண்டு முட்டை.
வருஷத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ்.
என்ன படிக்கலாம் என்று கேட்டதற்கு
கோச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே
'பி.ஏ.தான், நம்ம டீம் மொத்தமும் பி.ஏ.தான்' என்றார்.
கெமிஸ்ட்ரி?
லேப் மதியம். பிராக்டீஸும் மதியம்.
முட்டி போய்விட்டால் என்ன சார்?
'நோடோணா.'
பார்க்கலாம் என்று சொன்ன எவரும்
பிறகு பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு முன்னால் லெஃப்ட் விங்கில் ஆடிய ஷகீனா
போன வருஷம் அங்கேதான் சேர்ந்தாள்.
நவம்பரில் முட்டிக்குள் ஏதோ அறுந்தது.
ஜனவரியில் ஃபீஸ் கேட்டுக் கடிதம் வந்தது,
ஆடிய நாட்களுக்கும் சேர்த்து.
இப்போது கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் செருப்புக் கடை.
பாதத்தைப் பிடித்ததுமே
எந்தக் காலால் உதைக்கிறவர் என்று தெரிந்துவிடுமாம்.
சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஹோசூர் ரோட்டுக் கல்லூரியில்
லேப் மட்டும் மூன்று மாடி.
மைதானத்தில்
பேராசிரியர்களின் கார்கள் நிற்கின்றன,
நான்கு, நான்கு, இரண்டு என்று.
ஓரத்தில் ஒரு ஸ்கூட்டி,
மாற்று ஆட்டக்காரி மாதிரி.
மிச்சமிருக்கிற ஒரே கோல் போஸ்ட்டில்
லேப் கோட்டுகள் காய்கின்றன.

நேர்காணலில் வசுந்தரா மேடத்தின் மேஜைமேல்
கறுப்பு உருண்டைகளும் குச்சிகளும் சேர்ந்த ஒரு பந்து.
ஐங்கோணம், அறுகோணம்,
காற்று மட்டும்தான் அடைக்கவில்லை.
'என்ன இது, தெரியுமா?'
அறுபது கார்பன் என்றேன்.
ஒரு குச்சி குறைகிறது என்றும் சொன்னேன்.
மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பத்து வருஷமாக அங்கேயே இருக்கிறதாம்.
ஃபுட்பால் டீம் உண்டா மேடம்?
'செஸ் இருக்கு. கேரம்கூட இருக்கு.'

ஆஸ்டின் டவுனில் ஆளுக்கொரு உவமை.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே
என்கிறார் இஸ்திரிக் கடைக்காரர்.
என் கால்மேல் எத்தனை பேருக்கு அக்கறை!
பெனால்டி மாதிரி நினைச்சுக்கோ,
ஏதாவது ஒரு பக்கம் பாய் என்கிறார் மாமா.
நான் கோலி இல்லையே மாமா,
லெஃப்ட் பேக்.
கோடு வரைக்கும் ஏறி கிராஸ் போட்டுவிட்டு
கோலா இல்லையா என்றுகூடப் பார்க்காமல்
திரும்பி ஓடி வருகிறவள்.

புதன் இரவு கோச்சுக்கு எழுதினேன்:
முட்டி போனாலும் ஃபீஸ் கேட்க மாட்டோம் என்று
ஒரே ஒரு வரி, எழுத்தில் வேண்டும் சார்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
வியாழன் முழுக்கக்
கோடு மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா சீட்டைத் தள்ளி எடுத்தாள்.
பதினோராயிரம் நஷ்டம்.
'முட்டை வீட்டிலேயே தின்னு' என்றாள்,
கார்மென்ட்ஸ் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே.

பணம் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை கார் வராது என்றார் காவலாளி.
கார்களுக்கு நடுவே நடந்து அளந்தேன்:
அகலம் அறுபது காலடி.
இடது ஓரம் முழுக்க ஒரு திறந்த சாக்கடை,
பலகை போட்டு மூடினால் ஓடலாம்.
கோல் போஸ்ட்டில் கோட்டுகளை எண்ணினேன்.
ஒன்பது.
என்னையும் சேர்த்தால் பத்து.
இன்னும் ஒருத்தி வேண்டும்.